கிளப்பில் கேட்கும் பேச்சு பந்தயத்தில் கைகொடுக்குமா?

கேள்வி இதுதான். இரண்டு ஆண்டுகளாகச் சிறு பாய்மரப் படகு ஓட்டுகிறீர்கள். கவிழாமல் ஓட்ட வருகிறது, மார்க்கை, அதாவது பந்தயப் பாதையைக் காட்டும் மிதவையை, சுற்றி வர வருகிறது. ஆனாலும் கிளப் பந்தயத்தில் எப்போதும் கடைசி சில படகுகளில் ஒன்றாகவே முடிக்கிறீர்கள். தனிப் பயிற்சியாளரை வைத்துக்கொள்ள வசதியில்லை. கிளப்பில் மாதம் ஒரு மாலை யாராவது வந்து பேசுகிறார்கள்: பாய் தைப்பவர், பந்தய நடுவர், பெரிய போட்டிகளில் ஓடியவர். அதற்குப் போவதால் பயன் உண்டா, அல்லது அந்த நேரத்தையும் தண்ணீரிலேயே செலவழிப்பது மேலா?

போங்கள். தவறாமல் போங்கள். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று சிலர் சொல்வார்கள். படகைச் சாயாமல் வைப்பது, டேக் அடிக்கும்போது (படகின் மூக்கைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பிப் பாயை மறுபக்கம் மாற்றும்போது) உடம்பைக் கொண்டுபோவது, அலையில் சுக்கானைப் பிடிப்பது போன்றவற்றுக்கு அந்தச் சொல் முழுக்கப் பொருந்தும். அவை கையிலும் இடுப்பிலும் ஏற வேண்டியவை. ஆனால் ஓட்டத் தெரிந்தும் பின்னால் முடிப்பவர்களுக்குக் குறை பெரும்பாலும் கையில் இருப்பதில்லை, கண்ணில் இருக்கிறது. அவர்கள் தங்கள் பாயையும் படகின் மூக்கையும் பார்த்தே ஓட்டுகிறார்கள். முன்னால் போகிறவரோ, தண்ணீர் எந்தப் பக்கம் கறுத்து வருகிறது (பலத்த காற்று வரும் அடையாளம்), இடப்பக்கம் போன படகுகள் காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து என்ன கோணத்தில் ஏறுகின்றன, அடுத்த மார்க்கில் எத்தனை படகுகள் ஒன்றாகச் சேரப்போகின்றன என்று பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார். எங்கே பார்ப்பது என்பதைத் தண்ணீர் தானாகக் கற்றுத்தர வெகுகாலம் எடுத்துக்கொள்ளும். பார்க்கத் தெரிந்தவர் வாய்விட்டுச் சொன்னால் ஒரு மாலையில் தெரிந்துவிடும். அதனால் பேசுகிறவரிடம் ‘அங்கே என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டு நிறுத்தாதீர்கள். ‘அதைச் செய்யும் முன் எதைப் பார்த்தீர்கள்?’ என்று கேளுங்கள். நான் சொல்லவந்த ஒரே விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதன் விரிவு.

ஸ்டார்ட் பற்றிய பேச்சிலிருந்து தொடங்குவோம். பின்வரிசைக்காரர்களுக்கு அதிகம் திருப்பித் தருவது அதுதான். வழக்கமான வரிசை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஸ்டார்ட்டுக்கு 5 நிமிடம் இருக்கும்போது படகு வகையைக் குறிக்கும் வகுப்புக் கொடி ஏறும், 4 நிமிடத்தில் ஆயத்தக் கொடி ஏறும், 1 நிமிடத்தில் ஆயத்தக் கொடி இறங்கும், பூஜ்யத்தில் வகுப்புக் கொடி இறங்கும். நேரத்தைக் கொடியைப் பார்த்தே எடுக்க வேண்டும், ஒலியைக் கேட்டு அல்ல. விதி அப்படித்தான் சொல்கிறது. பேச்சில் இதற்கு மேல் கேட்டு வாங்க வேண்டியது கோட்டின் சாய்வு. ஸ்டார்ட் கோடு காற்றுக்கு மிகச் சரியான செங்குத்தாக அமைவது அரிது. 200 மீட்டர் நீளக் கோடு 10 டிகிரி சாய்ந்திருந்தால், ஒரு முனை மற்ற முனையைவிடக் காற்று வரும் திசையில் சுமார் 35 மீட்டர் முன்னால் இருக்கும். நாலேகால் மீட்டர் படகுக்கு அது எட்டுப் படகு நீளம். தவறான முனையில் நின்றவர் துப்பாக்கி வெடிக்கும் முன்பே எட்டுப் படகு தூரத்தை விட்டுக்கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் முன்னால் போனவர்கள் கலக்கிவிட்ட காற்றில்தான் ஓட்ட வேண்டும்.

அதை எப்படிப் பார்ப்பது? கோட்டின் நடுவில் படகை நேராகக் காற்றுக்கு எதிரே நிறுத்தி, மூக்கு எந்த முனையை நோக்கிச் சாய்கிறது என்று பாருங்கள். அந்த முனைதான் முன்னால் இருக்கிறது. பேச்சாளர் இதைச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார். நீங்கள் விடாதீர்கள். எத்தனை முறை பார்க்கிறீர்கள், கடைசியாக எப்போது பார்க்கிறீர்கள், நடுவில் காற்று மாறிவிட்டால் மனத்தை மாற்றுவீர்களா, நல்ல முனையில் எல்லோரும் குவிந்துவிட்டால் எவ்வளவு தள்ளி நிற்பீர்கள் என்று கேளுங்கள். முழுப் பேச்சையும்விட இந்த நான்கு பதில்கள் பயன்படும்.

இங்கே ஒரு துணை யோசனை. அந்தப் பேச்சைக் கேட்ட வாரமே ஒரு நாள் ஓட்டாமல், பந்தயக் குழுப் படகில் உதவிக்குப் போங்கள். கொடி ஏற்ற, நேரம் சொல்ல, முடிக்கும் வரிசையை எழுத எப்போதும் ஆள் தேவைப்படும். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கோட்டின் ஓரத்தில் நின்று பார்த்தால், நடுவில் நிற்கும் படகுகள் கோட்டுக்குப் பின்னால் வளைந்து தொய்வது கண்ணெதிரே தெரியும். இரு முனைகளிலும் உள்ளவர்களுக்குக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிகிறது. நடுவில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை, பயந்து பின்வாங்குகிறார்கள். சில சமயம் இரண்டு மூன்று படகு நீளம்கூடப் பின்வாங்குவார்கள். கோட்டின் இரு முனைகளையும் கரையிலுள்ள ஏதோ ஒரு மரத்தோடோ கட்டடத்தோடோ முன்கூட்டியே நேர்ப்படுத்தி வைத்துக்கொண்ட ஒருவர் மட்டும் அந்தத் தொய்வுக்கு முன்னால் தனியாகப் பாய்வதைப் பார்ப்பீர்கள். பேச்சில் கேட்டபோது தகவலாக இருந்தது, அந்தப் படகின் மேல்தளத்தில் நின்று பார்த்த பிறகு மறக்கவே மறக்காது.

அடுத்தது காற்று மாறுவதைப் பற்றிய பேச்சு. பலரைக் குழப்புவது இதுதான். பேச்சாளர்களிலும் பலர் இதைத் தெளிவில்லாமல் சொல்கிறார்கள். காற்று இரண்டு விதமாக மாறும். ஒன்று, ஒரு நடுத் திசையைச் சுற்றி இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருக்கும். மற்றொன்று, ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகும். இரண்டிலும் படகின் மூக்கு மார்க்கிலிருந்து விலகும்படி காற்று உங்களைத் தள்ளும் தருணம் வரும். ஆடும் காற்றாக இருந்தால், காற்று நடுத் திசையைத் தாண்டிவிட்டது என்று தெரிந்ததும் டேக் அடித்துவிட வேண்டும். மறு டேக்கில் மார்க்கை நோக்கி நல்ல கோணம் கிடைக்கும். ஒரே பக்கமாகத் திரும்பும் காற்றாக இருந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கமே இன்னும் கொஞ்சம் போய், பிறகு டேக் அடிக்க வேண்டும். பார்வைக்கு ஒரே அறிகுறி, செய்ய வேண்டியதோ நேர்மாறு. ‘காற்று தள்ளினால் டேக் அடி’ என்ற ஒற்றை வரியை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்கள் கடற்காற்று வலுக்கும் மதிய வேளையில் தொடர்ந்து தோற்பது இதனால்தான்.

இதில் எவ்வளவு பணயம் இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சமமாகப் போகும் இரண்டு படகுகள் பக்கவாட்டில் 100 மீட்டர் பிரிந்திருக்கின்றன. காற்று 10 டிகிரி ஒரு பக்கம் திரும்புகிறது. அந்தப் பக்கத்தில் இருந்த படகு, காற்றுக்கு எதிராக அளந்தால் சுமார் 17 மீட்டர் முன்னேறிவிடும். டேக் அடித்து ஓட வேண்டிய தூரமாகச் சொன்னால் ஏறக்குறைய 25 மீட்டர், அதாவது பிரிந்திருந்த தூரத்தில் கால்பங்கு. ஷீட்டை (பாயைக் கட்டுப்படுத்தும் கயிற்றை) ஓர் அங்குலம் இழுப்பதாலும் விடுவதாலும் இந்த அளவு லாபம் ஒரு முழு ஏற்றத்திலும் கிடைப்பது அரிது. பின்வரிசையில் இருப்பவர் வேகத்தைத் தேடிப் பாயையே நோண்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் பந்தயம் திசையால் முடிந்துபோயிருக்கும். மற்ற எல்லாரும் ஒரு பக்கம் போகும்போது நீங்கள் மட்டும் எதிர்ப்பக்கம் போவது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பதும் இதே கணக்கில் தெரியும்.

கடற்காற்றைச் சொன்னேன். பூமியின் சுழற்சியால் அது வட அரைக்கோளத்தில் நாள் ஏற ஏறக் கடிகாரச் சுற்றாகத் திரும்ப முனையும், தென் அரைக்கோளத்தில் எதிர்ச்சுற்றாக. இது புத்தகத்திலேயே கிடைக்கும். உங்கள் தண்ணீரில் அது எந்த மணிக்குத் தொடங்கும், எந்த மேட்டில் மோதி வளையும், எந்த மூலையில் செத்துப்போகும் என்பதுதான் புத்தகத்தில் கிடைக்காது. அதனால் கிளப்பின் பழைய ஆள் ஒருவர் ‘நம் தண்ணீர்’ என்று பேச வந்தால், உலக வீரர் வரும் மாலையைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, இதைத் தவறவிடாதீர்கள். ஒரு வரைபடத்தை அச்செடுத்துக் கொண்டுபோய் அவர் சொல்லச் சொல்லக் குறியுங்கள். நீரோட்டம் எங்கே வலுவாக இழுக்கும், எங்கே தளர்ந்திருக்கும் என்று கேளுங்கள். பொதுவாக ஆழமான வாய்க்காலில் நீரோட்டம் வலுக்கும். கரையோர ஆழமற்ற பகுதியில் தளரும், கடல் ஏற்ற இறக்கம் மாறும்போது அங்கேதான் முதலில் திரும்பும். எதிரோட்டத்தில் கரையை ஒட்டி ஓட்டுபவரும் நடுவில் ஓட்டுபவரும் ஒரே வேகத்தில் போனாலும் மார்க்கை ஒரே நேரத்தில் அடைய மாட்டார்கள். பழைய ஆட்களுக்கு இதெல்லாம் உடம்பில் ஊறியிருக்கும், ஆனால் கேட்காமல் சொல்ல மாட்டார்கள். இது பிறருக்குத் தெரியாது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

விதிகள் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். பலர் இதைச் சலிப்பென்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. பாய்மரப் பந்தயத்தின் உலக அமைப்பான வேர்ல்ட் செயிலிங் விதிநூலை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. இப்போது நடப்பில் இருப்பது 2025 முதல் 2028 வரைக்கானது. ஒரு படகு மற்றொன்றுக்கு எப்போது வழிவிட வேண்டும் என்ற அடிப்படை நான்கு சிறு விதிகளில் அடங்கிவிடும். போர்ட் டேக்கில் (காற்று இடப்பக்கத்திலிருந்து வரும்படி) வருபவர் ஸ்டார்போர்டு டேக்கில் (காற்று வலப்பக்கத்திலிருந்து வரும்படி) வருபவருக்கு வழிவிட வேண்டும். ஒரே டேக்கில் பக்கம் பக்கமாக ஓடும்போது காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் வழிவிட வேண்டும். பின்னால் வருபவர் முன்னால் போகிறவருக்கு விட வேண்டும். டேக் அடித்துக்கொண்டிருப்பவர் மற்றவர்களுக்கு விட வேண்டும். இவை உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மார்க் அருகே உறைந்துபோகிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பின்வரிசையில் எல்லோரும் அங்கேதான் உறைகிறார்கள்.

அங்கே குழப்பும் விதி 18. மார்க்கைச் சுற்றி மூன்று படகு நீள ஆரமுள்ள வட்டம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருவரில் முதல் படகு அந்த வட்டத்தைத் தொடும்போது இருவரும் பக்கம் பக்கமாக இருந்தால், மார்க் பக்கமாக உள்ளே இருப்பவருக்குச் சுற்ற இடம் தர வேண்டும். இதை வைத்துக்கொண்டு காற்றுக்கு எதிரான முதல் மார்க்கில் போர்ட் டேக்கில் வந்து ‘இடம் கொடு!’ என்று கத்துபவரை ஒவ்வொரு கிளப்பிலும் பார்க்கலாம். அவருக்கு அந்த உரிமை இல்லை. காற்றுக்கு எதிராக ஏறும்போது எதிரெதிர் டேக்கில் வரும் படகுகளுக்கிடையே விதி 18 பொருந்தாது. அங்கே போர்ட், ஸ்டார்போர்டு விதிதான். மார்க்கை இடப்பக்கம் விட்டுச் சுற்றும் பந்தயமென்றால் இன்னொன்றும் உண்டு. வட்டத்துக்குள் போர்ட்டிலிருந்து ஸ்டார்போர்டுக்கு டேக் அடித்து நுழைந்து, ஏற்கெனவே ஸ்டார்போர்டில் வந்துகொண்டிருக்கும் படகு உங்களைத் தவிர்க்கத் தன் வழக்கமான ஏற்றக் கோணத்துக்கும் மேல் காற்றை நோக்கித் திரும்பும்படி செய்தால் தவறு உங்களுடையது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால், நெரிசலான மார்க்குக்குப் போர்ட்டில் வந்து சொருகுவதை விட்டுவிட்டு நாலைந்து படகு நீளம் முன்பே ஸ்டார்போர்டு வரிசையில் சேர்ந்துகொள்வீர்கள். அந்தச் சிறு மாற்றமே பல இடங்களைக் காப்பாற்றும்.

நல்ல நடுவர் மேசைமேல் சிறு மரப்படகுகளை வைத்து இதையெல்லாம் நகர்த்திக் காட்டுவார். போனமுறை உங்களுக்கு நடந்த நெரிசலைத் தாளில் மூன்று நிலைகளாக வரைந்து எடுத்துப்போங்கள்: மோதலுக்குப் பத்து நொடி முன், அந்தக் கணம், அதன் பின். யார் சரி என்று கேட்பதைவிட, பத்து நொடி முன்னால் எதைக் கவனித்திருந்தால் இது நேர்ந்திருக்காது என்று கேளுங்கள். விதிமீறல் நடந்தால் தண்டனையாகப் படகை இரண்டு வட்டம் சுற்றவைத்துவிட்டு ஓட்டத்தைத் தொடரலாம், மார்க்கைத் தொட்டால் ஒரு சுற்றுப் போதும். பின்வரிசையில் சுற்றுவதால் இழக்கும் நேரத்தைவிட, தண்ணீரில் நின்று வாக்குவாதம் செய்து இழக்கும் நேரம் அதிகம். கிளப்பில் எதிர்ப்பு (விதிமீறல் புகார்) விசாரணை நடக்கும்போது பார்வையாளராக உட்கார அனுமதித்தால் உட்காருங்கள்.

பாய் தைப்பவரின் பேச்சு பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கனிங்ஹாம் கயிற்றை இழுத்தால் பாயின் வயிறு, அதாவது காற்றில் புடைக்கும் பகுதி, முன்னால் வரும், பலத்த காற்றில் அது தேவை என்பது போன்றவை நல்ல அறிவுதான். காற்றின் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுகிறது, காற்றின் வேகம் 10 ‘நாட்’ (கடல்மைல்/மணி) அளவிலிருந்து 14 ‘நாட்’ அளவுக்கு ஏறினால் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று அவர் சொல்லும்போது, ஒரு வீச்சுக்காற்று ஏன் படகை அப்படிச் சாய்க்கிறது என்பது புரியும். ஆனால் உங்கள் நிலையில் பாயில் ஒட்டியிருக்கும் டெல்டேல் நூல்களைப் படிக்கத் தெரிந்தால் போதும். காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் படகு காற்றை மிகவும் நெருங்கிவிட்டது அல்லது பாய் தளர்ந்திருக்கிறது. மறுபக்கத்து நூல் துள்ளினால் படகு விலகிப்போகிறது அல்லது பாய் இறுகியிருக்கிறது. புதுப் பாய் வாங்கும் ஆசையோடு அந்த மாலையிலிருந்து திரும்பாதீர்கள்.

உலகப் புகழ் வீரர் வரும் மாலை வேறு மாதிரி. கூடம் நிறையும், கதைகள் அருமையாக இருக்கும், மனம் பொங்கும். அதுவும் வேண்டியதுதான். அங்கே கேட்கும் கதையை உங்கள் நிலைக்கு எப்படி எடுத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. பென் எயின்ஸ்லி, ராபர்ட் ஷைட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக், லேசர் என்ற ஒற்றையாள் படகு வகுப்பின் கடைசிப் பந்தயம். கறுப்புக் கொடி ஏறியிருந்தது, அதாவது கடைசி ஒரு நிமிடத்தில் கோட்டைத் தாண்டியவர் மறுபேச்சின்றித் தகுதி இழப்பார். புள்ளியில் முன்னால் இருந்த பிரேசிலின் ஷைட் முன்கூட்டியே பாய்ந்தார், பிரிட்டனின் எயின்ஸ்லி பின்தொடர்ந்தார், இருவருமே தகுதி இழந்தனர், தங்கம் ஷைட்டுக்குப் போனது. நான்கு ஆண்டு கழித்து சிட்னியில் கடைசிப் பந்தயத்தில் எயின்ஸ்லி ஷைட்டை விடாமல் தடுத்துப் பின்வரிசைக்கு இழுத்துச் சென்று தங்கத்தை எடுத்தார். கேட்டவர்கள் மறுநாளே கிளப்பில் ஒருவரையொருவர் தடுத்து விளையாடத் தோன்றும். வேண்டாம். அந்தக் கதையிலிருந்து எடுக்க வேண்டியது, இருவரும் ஸ்டார்ட்டுக்கு முன்பே கொடி என்ன, புள்ளி என்ன, எதிராளிக்கு எந்த இடம் போதும் என்று அத்தனையும் தெரிந்து வைத்திருந்தார்கள் என்பது. கிளப் தொடரில் உங்கள் எத்தனை மோசமான முடிவுகள் கழிக்கப்படும் என்று பந்தய அறிவிப்பைப் பார்க்காமல் இப்போது சொல்ல முடியுமா?

1948 முதல் 1960 வரை தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற டென்மார்க்கின் பால் எல்வ்ஸ்ட்ரோம், படகுக்கு வெளியே தொங்கி உட்காரும் பயிற்சிக்குக் கரையிலேயே பலகை அமைத்துக்கொண்டவர். இத்தகையவர்களின் கதையில் நீங்கள் அப்படியே பின்பற்றக்கூடியது பெரும்பாலும் கரையில் நடந்த பகுதிதான்.

இனி, எல்லாவற்றிலும் மேலானதாக நான் கருதும் பேச்சு: பந்தயம் முடிந்து, படகைக் கழுவிக் கட்டிவிட்டு, ஈரம் காயுமுன் ஒரு வெள்ளைப் பலகை முன்னால் நடக்கும் அரைமணி நேரம். அறிவிப்போ தலைப்போ அதற்கு இருக்காது. அன்று வீசிய அதே காற்றைப் பற்றி, அதே தண்ணீரில் ஓடியவர்கள் பேசுகிறார்கள். உங்கள் நினைவும் அப்போது பச்சையாக இருக்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை. வென்றவர் சொல்லும் காரணம் எப்போதும் உண்மையான காரணமாக இருக்காது. அவர் பொய் சொல்வதில்லை. வென்ற பிறகு எல்லாம் திட்டமிட்டது போலவே தோன்றும். ‘இடப்பக்கம் நல்லா இருந்துச்சு’ என்று அவர் சொன்னால், ‘எப்போ தெரிஞ்சுதுண்ணே, ஸ்டார்ட்டுக்கு முன்னாடியா, போன பிறகா?’ என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். அவர் யோசித்துச் சொல்லும் பதிலில்தான் பாடம் இருக்கிறது. முதல்வரைவிடப் பயனுள்ள ஆள் ஒருவர் உண்டு: முதல் மார்க்கில் உங்களோடு பின்னால் இருந்து, முடிக்கும்போது எட்டுப் பத்து இடம் முன்னேறியவர். அவர் உங்கள் கலங்கிய காற்றில், உங்கள் நெரிசலில் தொடங்கினார். எங்கே பிரிந்தார் என்று அவரிடம் கேளுங்கள். யாரிடமாவது கைக்கடிகாரத்தில் ஜிபிஎஸ் தடம் இருந்தால் இருவர் தடத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், பேச்சு சீக்கிரம் நேர்ப்படும்.

கேட்டதைத் தண்ணீருக்குக் கொண்டுபோவதில்தான் பலர் தவறுகிறார்கள். பத்துப் பக்கம் குறிப்பெடுத்து, அடுத்த ஞாயிறு பத்தையும் செய்யப்போய், எதையும் செய்யாமல் திரும்புவார்கள். பேச்சு முடிந்து வீடு திரும்புமுன் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது செய்வதாக இல்லாமல் பார்ப்பதாக இருக்கட்டும்: ‘ஸ்டார்ட்டுக்கு 2 நிமிடம் முன்பு கோட்டின் சாய்வைப் பார்ப்பேன்’, ‘ஏற்றத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் திருப்பி மறுபக்கப் படகுகளின் கோணத்தைப் பார்ப்பேன்’. உடன் ஒருவர் ஓடினால் அவரிடம் சொல்லி வையுங்கள், நீங்கள் மறந்தால் அவர் நினைவூட்டுவார். பார்த்தது சரியா, தப்பா, பார்க்கவே மறந்தீர்களா என்று கரைக்கு வந்ததும் இரண்டு வரி எழுதுங்கள். இரண்டு மூன்று பந்தயம் அந்த ஒன்றிலேயே நில்லுங்கள். அந்த இரண்டு வரியோடு அதே பேச்சாளரைத் தேடிப்போனால் அவர் உங்களிடம் பேசும் விதமே மாறிவிடும். பலர் கேட்டுவிட்டுப் போவார்கள், செய்து பார்த்துவிட்டுத் திரும்பி வருபவர் அரிது.

உங்கள் கிளப்பில் பேச்சு நட்சத்திரங்களோடு நின்றுவிடுகிறதென்றால் நிர்வாகியிடம் இரண்டு மாலைகளைக் கேட்டு வாங்குங்கள்: ஒன்று பழைய ஆள் ஒருவர் உங்கள் தண்ணீரைப் பற்றி, மற்றொன்று ஒரு நடுவர் மேசைப் படகுகளோடு மார்க் சுற்றுவது பற்றி. பந்தயத்துக்குப் பிந்திய பேச்சு உங்கள் கிளப்பில் இல்லையென்றால் அதற்கு அனுமதிகூடத் தேவையில்லை. ஒரு வெள்ளைப் பலகையும் இரண்டு பேனாவும் எடுத்துப்போய், முதல் மார்க்கை வரைந்து, உங்கள் படகு எங்கே இருந்தது என்று குறித்துவிட்டு, அடுத்தவரிடம் பேனாவை நீட்டுங்கள்.